பழைய பனங்கைக் கூரை: பிரிப்பதற்கு முன் குத்திப் பாருங்கள்

நமது கிராமங்களில் பழைய ஓட்டு வீட்டிலோ மாட்டுத் தொழுவத்திலோ நின்று அண்ணாந்து பார்த்தால், பல இடங்களில் தலைக்கு மேல் வரிசையாகத் தெரிவது பனங்கைகள்தான். பாட்டனார் காலத்தில் போட்டவை. புகை படிந்து கறுத்திருக்கும். தட்டினால் இரும்பு போல ஒலிக்கும். ஆனால் இறவானத்தில் இரண்டு மூன்று கைகளின் நுனி இற்று, ஓடு சரிந்து, மழைக்கு ஒழுகத் தொடங்கியதும், "எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்டுவிடலாம்" என்ற முடிவுக்குப் பல விவசாயிகள் வந்துவிடுகிறார்கள். பிரித்த மரம் விறகாகவோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிறது.

இது பெரிய நஷ்டம். பத்துக் கைகளில் ஏழோ எட்டோ நல்ல நிலையில் இருக்கும். கெட்டுப்போனவையும் முழு நீளத்துக்குக் கெட்டிருப்பதில்லை. ஓரிரண்டு அடி இற்றுப் போனதற்காகப் பதினான்கு அடி மரத்தை எறிந்துவிடுகிறோம். மீண்டும் அதே தரத்தில் மரம் வேண்டுமென்றால் கிடைப்பது எளிதன்று. விளைந்து முற்றிய பனைகள் குறைந்துவிட்டன. 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. ஆகவே நம் தலைக்கு மேல் இருக்கும் பனங்கை, கடையில் வாங்க முடியாத சொத்து. அதைக் காப்பாற்றும் வழியை இங்கே பார்ப்போம்.

பனையின் தன்மை

தேக்கு, வேம்பு, பூவரசு போன்ற மரங்களில் வைரம் உள்ளே இருக்கும். பனையில் வைரம் வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பது சோறு. வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்வது இதனால்தான். இன்றைய தாவரவியலும் பனையைப் புல், நெல், மூங்கில் ஆகியவை அடங்கிய ஒருவித்திலைப் பிரிவில்தான் சேர்க்கிறது.

பனைமரத்தைக் கையாளும் முறை முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சார்ந்தது. வெளிப்பக்கம் கருநிற நார்கள் நெருக்கமாக அமைந்து கெட்டியாக இருக்கும். உள்ளே போகப் போக நார் கலைந்து, சோறு மிகுந்து, மென்மையாகும். அடிமரத்தில் வைரம் அதிகம், நுனியில் குறைவு. கிளை இல்லாததால் கணு இல்லை. அதனால் நீளமான, நேரான சட்டம் கிடைக்கும். ஆனால் நார் போகும் திசையில் எளிதில் பிளக்கும். துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும்.

சோறு உள்ள பகுதி ஈரத்தை உறிஞ்சும். கரையானுக்கும் பூஞ்சணத்துக்கும் அதுவே தீனி. ஆகவே கூரையில் ஏறும் பனங்கையில் சோறு இருக்கக் கூடாது. பழைய தச்சர்கள் வாச்சியால் உட்புறத்தைச் சுத்தமாகச் சீவி எடுத்துவிட்டு வைரத்தை மட்டும் ஏற்றினார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்த வீடுகள்தான் மூன்று தலைமுறை தாண்டி நிற்கின்றன. அவசரத்தில் சோற்றோடு ஏற்றிய கூரைகள் சீக்கிரம் உளுத்தன.

கூரையின் உறுப்புகள்

உறுப்புகளின் பெயர் ஊருக்கு ஊர் சற்று மாறும். பொதுவாக, சுவரின் மேல் நீளவாக்கில் கிடப்பது சுவர்ச்சட்டம். உச்சியில் கிடப்பது முகட்டு வளை. முகட்டிலிருந்து சுவர்ச்சட்டம் தாண்டி இறவானம் வரை சரிந்து வருவது கை. கைகளின் மேல் குறுக்கே அடிக்கப்படுவது வரிச்சு அல்லது ரீப்பர். அதன் மேல் ஓடு.

ஓட்டுக் கூரையின் பளுவை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 வேண்டும். ஓர் ஓடு சுமார் இரண்டரை கிலோ என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 37 கிலோவுக்கு மேல் ஆகிறது. 35 சதுர மீட்டர் பரப்புள்ள சிறிய தொழுவக் கூரையில் 1,300 கிலோ ஓடு ஏறி நிற்கிறது. மழையில் ஓடு நீரை உறிஞ்சும்போது இன்னும் கூடும். இந்தப் பளுவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பழுது பார்க்கும் வேலையில் இறங்க வேண்டும்.

கையைப் படுக்கையாக வைக்காமல் குத்தாக நிறுத்துவது முக்கியம். 2 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள சட்டத்தைக் குத்தாக நிறுத்தினால், படுக்கையாக வைப்பதைப்போல் இரு மடங்கு பளு தாங்கும். வளைவது நாலில் ஒரு பங்காகக் குறையும். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது.

எங்கே கெடுகிறது?

பனங்கை தானாகக் கெடுவதில்லை. ஈரம் தங்கும் இடத்தில்தான் கெடுகிறது. சோதிக்க வேண்டிய இடங்கள் ஐந்து.

1. இறவான நுனி. ஓட்டிலிருந்து வடியும் நீர் கையின் வெட்டு முகத்தில் பட்டு, நார் வழியாக உள்ளே ஏறும்.

2. கை சுவரைத் தொடும் இடம். மண்சுவரில் கையைப் புதைத்துப் பூசியிருந்தால் காற்று புகாமல் புழுங்கி இற்றுவிடும். வெளியே சுண்ணாம்பு அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

3. உடைந்த ஓட்டுக்கு நேர் கீழே உள்ள பகுதி. ஓர் ஓடு உடைந்ததைக் கவனிக்காமல் இரண்டு மழைக்காலம் விட்டால் கீழே உள்ள கையும் வரிச்சும் போய்விடும்.

4. இரு கூரைகள் சேரும் பள்ளம். சருகு அடைத்து நீர் தேங்கும்.

5. தூணின் அடி. தொழுவத்தில் சாணமும் மூத்திரமும் எப்போதும் படுவதால் மரத்தூணின் அடி முதலில் இற்றுவிடும். கரையான் ஏறுவதும் இந்த வழியாகத்தான்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சுத்தியலும், கூராக்கிய நீளமான ஆணியும் போதும். கையை முகட்டிலிருந்து இறவானம் வரை ஒவ்வோர் அடிக்கும் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட மரம் சத்தமின்றி அமுங்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஆணியால் குத்துங்கள். நுனி மட்டும் இறங்கி நின்றால் வைரம் இருக்கிறது. ஓர் அங்குலம் எளிதில் இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. கெட்ட இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கரித்துண்டால் கோடு போட்டுவிடுங்கள். வெளியே சற்று அரித்ததுபோல் தெரிவதெல்லாம் கெட்டதென்று எண்ண வேண்டாம். உட்புறச் சோறு மட்டும் உதிர்ந்து, வெளி வைரம் முழுசாக இருக்கும் கைகள் உண்டு. அவற்றைச் சுத்தமாகச் சீவிவிட்டால் மீண்டும் உழைக்கும்.

இந்தச் சோதனையை முடித்த பிறகு ஒரு தாளில் எண்ணிக்கை எழுதுங்கள். எத்தனை கை நல்லது, எத்தனை கைக்கு நுனி மட்டும் மாற்ற வேண்டும், எத்தனை கை முழுதாக மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். தச்சரிடம் கூலி பேசுவதற்கும் அந்தக் கணக்கு உதவும்.

செப்பனிடும் முறை

வேலையைக் கோடையில், ஆடிக் காற்றுக்கு முன்பாக முடித்துவிடுவது நல்லது. முதலில் ஓடுகளை இறக்குங்கள். ஒரு பக்கத்து ஓடு முழுவதையும் இறக்கிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால், பளு ஒருபுறமாக அழுத்திக் கூரை சாயும். இரு பக்கமும் சமமாக, முகட்டிலிருந்து கீழ்நோக்கி இறக்கி வாருங்கள். கழற்றும் ஒவ்வொரு கைக்கும் "கிழக்கு 1, கிழக்கு 2" என்று எண் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கையும் தன் இடத்துக்கென்றே வெட்டப்பட்டது. இடம் மாறினால் பொருந்தாது.

கையின் இறவான நுனி மட்டும் கெட்டிருந்தால்: கரிக்கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் அங்கே வரை பரவியிருக்கும். பிறகு அதே தடிமனுள்ள துணைக்கை ஒன்றைப் பழைய கையின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் வைத்து, மரை போட்ட போல்ட்டால் முடுக்க வேண்டும். சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீட்டம் என்றால், சுவருக்கு உள்ளே மூன்று அடியாவது இரு மரமும் சேர்ந்து ஓட வேண்டும். மூன்று போல்ட்டுகள் போடலாம். அவற்றை ஒரே நேர்கோட்டில் போட்டால் நார் வழியே மரம் பிளந்துவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே என மாற்றிப் போடுங்கள். மர நுனியிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் துளையிடுங்கள். தலைக்கும் மரைக்கும் அடியில் வாஷர் கட்டாயம் வேண்டும்.

கையின் நடுப்பகுதி கெட்டிருந்தால் ஒட்டுப் போடுவது கூடாது. நடுவில்தான் வளைவு அதிகம். அந்தக் கையை முழுதாக மாற்றிவிட்டு, அதிலுள்ள நல்ல துண்டுகளைத் துணைக்கைகளாகவும் வரிச்சாகவும் பயன்படுத்துங்கள்.

சுவரைத் தொடும் இடத்தில் கையைப் பழையபடி மண்ணில் புதைக்க வேண்டாம். சுவர்ச்சட்டத்தின் மேல் உட்காரவைத்து, இருபுறமும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். காற்று ஓடினால் மரம் காயும். ஒவ்வொரு கையையும் துருப்பிடிக்காத கம்பியாலோ இரும்புப் பட்டையாலோ சுவர்ச்சட்டத்துடன் பிணைத்து, சட்டத்தைச் சுவருடன் போல்ட்டால் இறுக்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயலை அனுபவித்த டெல்டா விவசாயிகளுக்கு இதன் அவசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. புயல் காற்று கூரையை அமுக்குவதைக் காட்டிலும் அடியிலிருந்து தூக்கிவிடுவதே அதிகம். பக்கச் சுவரில்லாத தொழுவத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

தூணின் அடி இற்றிருந்தால் தூணை மாற்ற வேண்டியதில்லை. தூணுக்கு இருபுறமும் உத்திரத்தின் கீழ் முட்டுக் கொடுங்கள். முட்டின் அடியில் அகலமான பலகை வைத்து, லாரி ஜாக்கியால் மெல்ல உயர்த்துங்கள். தூணின் மேல் உள்ள பளு விலகும் அளவுக்கு உயர்ந்தால் போதும். அதிகம் தூக்கினால் மற்ற மூட்டுகள் விட்டுவிடும். பிறகு இற்ற பகுதியை அறுத்துவிட்டு, தரைக்கு மேல் ஓர் அடியாவது உயர்ந்து நிற்கும் கருங்கல் காலையோ கான்கிரீட் காலையோ அடியில் நிறுத்தி, நடுவில் இரும்பு முளை வைத்துத் தூணைப் பொருத்துங்கள். இனி மரம் தரையைத் தொடாது. முட்டுக் கொடுக்கும் வேலையை அனுபவமுள்ள தச்சரை வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மாடும் குழந்தைகளும் உள்ளே இருக்கக் கூடாது.

கீழிருந்து மேலாக, கெட்டதை மட்டும் மாற்றும் இந்த முறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ரஷ்யாவில் ஒனேகா ஏரியிலுள்ள கிஷி தீவில் 1714-ல் பைன் மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய மாதா கோவில் ஒன்று இருக்கிறது. 37 மீட்டர் உயரம், 22 கூம்புகள். அடியில் இருந்த தடிகள் இற்று, கட்டடம் சாயத் தொடங்கியது. அதைப் பிரித்து எறியவில்லை. மேல் பாகத்தை ஜாக்கிகளால் தாங்கி நிறுத்திக்கொண்டு, கீழ் அடுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அடுக்காக வெளியே எடுத்து, கெட்ட தடியை மட்டும் மாற்றி, கெட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டி, எண் பார்த்து மீண்டும் அதே இடத்தில் வைத்தார்கள். பல ஆண்டுகள் நடந்த அந்த வேலை 2020-ஐ ஒட்டி முடிந்தது. முந்நூறு ஆண்டு மரத்துக்கு அங்கே செய்ததையே, நூறாண்டு பனங்கைக்கு நாமும் செய்கிறோம்.

புதுக் கை தேவையானால்

புயலில் விழுந்த மரம், பட்டுப்போன மரம், பிரிக்கப்படும் பழைய வீட்டு மரம் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். விழுந்த மரமானாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்துவிட்டு எடுப்பது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். நிற்கும் மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்றால், வேளாண்மை அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டு அனுமதி பெற்ற பின்பே கோடரியை எடுக்க வேண்டும்.

முற்றிய மரமா என்று அறிய, வெட்டு முகத்தைப் பாருங்கள். ஓரத்தில் கருநார் வளையம் அகலமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் முற்றியது. நார் வெளிறி, சோறு ஓரம் வரை இருந்தால் இளசு, கூரைக்கு ஆகாது. நுனிப் பாகத்தைக் கைக்குப் பயன்படுத்த வேண்டாம். பந்தல் கால், வேலி போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேண்டிய நீளத்துக்குத் துண்டு போட்ட பின், ஆப்பு இறக்கி இரண்டாகவும், மறுபடி நான்காகவும் பிளப்பது வழக்கம். ஆப்பால் பிளந்த கை நாரை ஒட்டியே பிரிவதால் முழு நீளத்துக்கும் நார் அறுபடாமல் ஓடும். ரம்பத்தால் அறுப்பதாக இருந்தால் நார் ஓட்டத்தைப் பார்த்துக் கோடு போட வேண்டும். பிறகு சோற்றைச் சீவி எடுத்து, நிழலில், தரையில் படாமல் கட்டைகளின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி உலர்த்துங்கள். பிளக்கும்போது சிராய் கையில் ஏறினால் ஆழமாகக் குத்தும், கவனம் வேண்டும்.

கரையான், வண்டுக்குக் காப்பு

விறகடுப்புப் புகை படிந்த காலத்தில் கூரை மரத்துக்கு அதுவே ஒரு காப்பாக இருந்தது. இன்று அந்தப் புகை இல்லை. ஆகவே வேறு வழி செய்ய வேண்டும். 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து, நன்கு உலர்ந்த மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசலாம். வைரம் மருந்தை எளிதில் உறிஞ்சாது. ஆகவே வெட்டு முகம், துளை, சீவிய உட்புறம் ஆகிய இடங்களில் நன்றாக ஊறும்படி பூசுங்கள். இந்த மருந்து தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் கூரையின் உட்புறத்துக்கு மட்டுமே ஏற்றது. மழை படும் இடத்துக்கும் மண்ணில் நிற்கும் காலுக்கும் பயன்படாது. தீவனம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறவான நுனிகளுக்கு முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அது தோலில் பட்டால் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விட மேலான காப்பு, ஆண்டுக்கு ஒரு முறை புரட்டாசிக்குள் கூரை ஏறி உடைந்த ஓட்டை மாற்றிவிட்டு, சருகைக் கூட்டி, தூணின் அடியில் கரையான் புற்று ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். அதற்கு அரை நாள் போதும்.

எப்போது பிரிக்கலாம்?

எல்லாக் கூரையையும் காப்பாற்ற முடியும் என்று சொல்வதற்கில்லை. முகட்டு வளையோ உத்திரமோ முறிந்திருந்தாலும், சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நேராக இல்லாவிட்டாலும், கைகளில் பாதிக்கு மேல் நடுவில் கெட்டிருந்தாலும் அங்கே வசிப்பது ஆபத்து. தயங்காமல் பிரித்துவிடுங்கள். அப்போதும் மரத்தை விறகுக் கணக்கில் எடை போட்டு விற்காதீர்கள். நல்ல துண்டுகளை நீளம் வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்தால் உங்களுக்கே ஒரு கன்றுக்குட்டிக் கொட்டகை கட்டலாம். இல்லாவிட்டால் கூரை செப்பனிடும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயன்படும்.

தகரக் கூரைக்கு ஆரம்பச் செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழ் நிற்கும் கறவை மாடு படும் பாட்டையும், அதனால் குறையும் பாலையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பனை காய்ப்புக்கு வரவே பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். கூரைக்கு ஏற்ற வைரம் ஏற அதைப்போல் பல மடங்கு காலம் வேண்டும். இன்று நாம் மாற்றும் கையை நமக்காக நட்டவர் எப்போதோ போய்விட்டார். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டைகளைப் பொறுக்கி, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றிவிடுங்கள். நாற்று விட்டு நடுவதைக் காட்டிலும் இருக்கும் இடத்திலேயே விதைப்பது நல்லது. முளை முதலில் ஆழமாக மண்ணுக்குள் இறங்கும் பயிர் இது. ஒரு கை மாற்றும் விவசாயி பத்துக் கொட்டை ஊன்றினால், பேரன் காலத்தில் கூரை செப்பனிட மரம் இருக்கும்.